டிரையர் டைமர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் டிரையர் சுற்றவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது "டைமர் போச்சு" என்பதுதான். டிரையர் பக்கத்தில் நம் கை படுகிற பாகம் டைமரைத் திருகும் அந்த நாப் (குமிழ்) ஒன்றுதான், அதனால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. சொந்தக்காரர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் இந்தக் கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். புது டைமரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு. பல தடவை பழைய டைமர் நன்றாகவே இருந்தது. மூடி ஸ்விட்ச், பிரேக்கை இழுக்கும் கம்பி (பிரேக் வயர்), டப்புக்குக் கீழே போய் மாட்டிக்கொண்ட ஒரு கைக்குட்டை என்று காரணம் வேறு எங்கோ இருந்தது. அதனால் டைமரைக் கழற்றுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இது இரண்டு டப் உள்ள மெஷினுக்கு மட்டும். சூடான காற்றில் உலர்த்தும் தனி டிரையருக்கும், ஒரே டப்பில் எல்லாம் நடக்கும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கும் இது பொருந்தாது.

தேவையானவை: ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பிளையர், டார்ச், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர்.

எதையும் தொடும் முன்

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி எடுங்கள். ஈரத் தரையில், வெறுங்காலுடன் மெஷினைத் திறக்க வேண்டாம். மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் (மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள்) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன் முனைகளை விரலால் தொடக் கூடாது. நான் சொல்கிற சோதனைகளில் கரண்ட் வேண்டிய இடம் மிகக் குறைவு. அந்த இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் பிளக் வெளியே இருக்கும்போதுதான்.

காதால் செய்யும் சோதனை

டிரையர் டைமர் கரண்டில் ஓடுவதில்லை. சாவி கொடுக்கிற கடிகாரம் மாதிரி உள்ளே ஒரு ஸ்பிரிங். நாப்பைத் திருகும்போது அது முறுக்கேறும், பிறகு பல்சக்கரங்கள் வழியாக மெதுவாகப் பிரியும். கரண்ட் போக வேண்டிய காண்டாக்ட் (ஒன்றையொன்று தொட்டால் கரண்ட் போகும் தகடுகள்) அதனுடன் சேர்ந்து மூடித் திறக்கும். அவ்வளவுதான்.

இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாப்பை 5 நிமிடத்துக்குத் திருகி, காதை அருகில் வையுங்கள். டிக் டிக் என்று சீராகக் கேட்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாப் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். சரியாக 300 விநாடி ஆக வேண்டும் என்பதில்லை, அரை நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பூஜ்யம் வரை வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

டிக் டிக் இல்லையென்றால் அறிகுறி 1. ஓடி முடிகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தாலும் டப் சுற்றவில்லை என்றால் 2 அல்லது 3. வழியில் நின்றால் 4.

நாப்பை எப்போதும் கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருகுங்கள். "ரெண்டு நிமிஷம் போதும்" என்று வலுக்கட்டாயமாகப் பின்னால் திருப்பும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பல்சக்கரம் தேய்வது அதில்தான். சீக்கிரம் நிறுத்த வேண்டுமென்றால் கரண்டை அணைத்துவிட்டு மீதி நேரம் ஓடி முடியட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அறிகுறி 1: நாப் சும்மா சுற்றுகிறது, டிக் டிக் சத்தமே இல்லை

*நாப் உடைந்திருக்கலாம்.* நாப்பை நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். அதன் அடியில் உள்ள துளை பெரும்பாலும் அரைவட்ட வடிவம். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் விரிசல் விட்டு வட்டமாகிவிட்டால் நாப் மட்டும் சுற்றும், அது மாட்டியிருக்கும் டைமர் தண்டு (ஷாஃப்ட்) சுற்றாது. சில நாப்களில் பிடிப்புக்காக உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கும். அது விழுந்தாலும் இதே கதைதான். பிளையரால் ஷாஃப்ட்டை மெதுவாகப் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் இழுவை கைக்குத் தெரிந்து, டிக் டிக் கேட்டால் டைமர் நல்ல நிலையில் இருக்கிறது. நாப்பை மட்டும் மாற்றுங்கள்.

*நாப் பேனலில் உரசலாம்.* இது யாரும் எதிர்பார்க்காத காரணம், ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது. நாப்பை அழுத்தித் திருகித் திருகி அது உள்ளே போய்ப் பேனலோடு ஒட்டி உரச ஆரம்பித்துவிடும். டைமர் ஸ்பிரிங்குக்கு அந்த உரசலைத் தாண்டும் பலம் கிடையாது. நாப்பை 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். சோப்புத்தூள் கட்டியாகிச் சிக்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

*ஸ்பிரிங் அறுந்திருக்கலாம்.* ஷாஃப்ட்டைப் பிளையரால் திருகினாலும் இழுவை இல்லை, தொளதொளவென்று சுற்றுகிறது என்றால் உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. டைமரைப் பிரித்து ஸ்பிரிங்கை மாட்ட நினைக்க வேண்டாம். திறந்த உடனே அது துள்ளி வெளியே வரும், பல்சக்கரங்கள் சிதறும். புது டைமர்தான்.

அறிகுறி 2: டிக் டிக் கேட்கிறது, டப் அசையவில்லை, வேறு சத்தமும் இல்லை

அதிகம் ஏமாற்றுவது இந்த அறிகுறிதான். மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று அர்த்தம். ஆனால் கரண்ட் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். பிளக், டைமர், மூடி ஸ்விட்ச், மோட்டார் எல்லாம் ஒரே சங்கிலி. எந்தக் கண்ணி விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: டப் சுற்றாது.

முதலில் வாஷ் பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் டிரையரில் எதையும் தேட வேண்டாம். அதே சாக்கெட்டில் வேறு ஏதாவது செருகிப் பாருங்கள். பிளக்கில் ஃப்யூஸ் இருந்தால் அது, மெஷினின் ஒயர் இவற்றைப் பாருங்கள்.

வாஷ் ஓடுகிறது, டிரையர் மட்டும் இல்லை என்றால், அடுத்தது மூடி. துணி மேலே உப்பி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஸ்விட்ச் முழுதாக அழுந்தாது. துணியை எடுத்துவிட்டுக் காலியாக மூடிப் பாருங்கள். மூடியின் கீல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். மூடும்போது அதுதான் ஸ்விட்சை அழுத்துகிறது. அது ஒடிந்திருக்கிறதா பாருங்கள். மூடியை மெதுவாக ஏற்றி இறக்கினால் உள்ளே ஒரு சின்னக் 'கிளிக்' கேட்க வேண்டும்.

கேட்கவில்லையென்றால் மேல் பேனலைத் திறக்க வேண்டியதுதான். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேனல் மேலே தூக்கும். உள்ளே ஒயர்களை இழுக்காமல், டார்ச் அடித்து முதலில் கண்ணால் பாருங்கள். எலி கடித்த ஒயர், கழன்ற கனெக்டர், கறுத்துப்போன முனை, பச்சைக் களிம்பு பிடித்த செம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மீட்டர் கூட வேண்டாம். மூடி ஸ்விட்ச் பெரும்பாலும் இரண்டு செம்புப் பட்டைகள்தான். ஈரத்தில் கறுத்தால் கரண்ட் போகாது. வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தலாம், கறுத்திருந்தால் ஸ்விட்சையே மாற்றுவது நல்லது.

அப்புறம் மல்டிமீட்டர். கன்டின்யூட்டியில் (வழி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பில்) வைத்து, முனைகளை ஒன்றோடொன்று தொட்டு 'பீப்' வருகிறதா பாருங்கள். டைமரின் இரண்டு ஒயர்களில் ஒன்றையாவது சங்கிலியிலிருந்து கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். நாப் பூஜ்யத்தில் இருக்கும்போது பீப் வரக் கூடாது. 3 நிமிடத்துக்குத் திருகினால் வர வேண்டும், விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும், பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இடையில் விட்டு விட்டு வந்தால் காண்டாக்ட் எரிந்திருக்கிறது. பீப் வந்தாலும் ஓம் அளவிலும் ஒருமுறை பாருங்கள். நல்ல காண்டாக்ட்டில் மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். பல ஓம் காட்டினால் அந்த இடம்தான் சூடாகும், டைமரை மாற்றுங்கள்.

டைமரும் மூடி ஸ்விட்சும் சரி என்று தெரிந்தால் மிச்சம் இருப்பது மோட்டார். அதிலிருந்து வழக்கமாக 3 ஒயர்கள் வரும். இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவுகள் கிடைக்கும். அவற்றில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று திறந்த வழி (இணைப்பே இல்லை) என்று காட்டினால், மோட்டார் சூடாக இருக்கும்போது அளந்தீர்களா என்று யோசியுங்கள். உள்ளே உள்ள சூட்டுப் பாதுகாப்பு திறந்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். சுற்றாமல் உறுமும் மோட்டார் வேகமாகச் சூடாகும்.

இதில் ஒரு நல்ல செய்தி: டைமர் குற்றவாளி இல்லை. உறுமல் கேட்கிறது என்றாலே டைமரும் மூடி ஸ்விட்சும் கரண்டை மோட்டார் வரை கொண்டுபோய்விட்டன.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியின் நாக்கு அழுத்தும் அந்தப் பாகத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டப்பைச் சுற்றிப் பாருங்கள். அழுத்திப் பிடிக்காவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கும், டப் நகராது. "டப் ஜாம் ஆகிவிட்டது" என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

டப் தாராளமாகச் சுற்றவில்லையென்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். டப்புக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் துணி விழுந்திருக்கிறதா? குழந்தையின் சாக்ஸ், கைக்குட்டை, பிராவின் கம்பி இவையெல்லாம் நான் எடுத்தவை. டப்பை இரண்டு திசையிலும் ஆட்டியபடி, நீளமான கொக்கியால் மெதுவாக இழுத்தால் வரும். அடுத்தது பிரேக். பின் கதவைத் திறந்தால் கீழே மோட்டாருக்கு மேலே பிரேக் தெரியும். மூடியிலிருந்து வரும் பிரேக் வயர் நாள்பட நீண்டு, மூடினாலும் பிரேக் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சில மெஷின்களில் வயர் முனையில் அடுத்தடுத்துத் துளைகள் இருக்கும். ஒரு துளை தள்ளி மாட்டினால் போதும், செலவே இல்லை. ஆனால் இழுத்துக் கட்டிவிட்டு, மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டப் தாராளமாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது என்றால் கெப்பாசிட்டர். பல மெஷின்களில் வாஷ், டிரையர் இரண்டுக்கும் ஒரே பெட்டியில் இரண்டு மதிப்புகள் இருக்கும். டிரையருக்கானது சின்ன எண். மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) அளக்கும் மீட்டர் இருந்தால், கெப்பாசிட்டரில் உள்ள கரண்டை பல்பு மாட்டிய ஒரு ஹோல்டரின் இரண்டு ஒயர்கள் வழியாக இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். 5 என்று எழுதியிருந்து 4-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டும். பெட்டி உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அளக்கவே வேண்டாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல். கரண்டை இறக்குவதில் தயக்கம் இருந்தால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கெப்பாசிட்டரும் சரியென்றால் மோட்டார் அல்லது அதன் பேரிங். அது உங்கள் வேலை இல்லை.

அறிகுறி 4: பாதியில் நின்றுவிடுகிறது

நின்றது எது என்று பாருங்கள். நாப் நின்றுவிட்டதா, இல்லை நாப் நகர்ந்துகொண்டிருக்க டப் மட்டும் நின்றதா? இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும்.

*நாப் நின்றுவிட்டது, டப் சுற்றிக்கொண்டே இருக்கிறது:* டைமர்தான். முதலில் மேலே சொன்னபடி நாப்பைச் சற்று வெளியே இழுங்கள். அப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் ஒரு பல் உடைந்திருக்கிறது. விரலால் லேசாகத் தட்டினால் மறுபடி ஓடும், ஆனால் அது சில நாளுக்குத்தான். எண்ணெய் ஸ்பிரே அடிக்க வேண்டாம். காண்டாக்ட்டில் படிந்தால் தூசியை இழுத்து நிலைமையை மோசமாக்கும்.

*நாப் நகர்கிறது, டப் நின்றுவிட்டது:* முதலில் தண்ணீர் போகிறதா பாருங்கள். டிரெயின் ஹோஸ் மடங்கியிருந்தாலோ, உயரத்தில் மாட்டியிருந்தாலோ, நூல் பந்து அடைத்திருந்தாலோ வெளித்தொட்டியில் தண்ணீர் நிற்கும். டப் அந்தத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு சுற்ற முயன்று மோட்டார் சூடாகும். ஹோஸைத் தரையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் துணி: ஒரு கனமான போர்வை ஒரு பக்கம் ஒதுங்கினால் டப் சுவரில் இடிக்கும். துணியைப் பரப்பி அமுக்கி, மேலே வைக்கும் அந்த வட்டத் தட்டையும் வையுங்கள். பலர் அதைத் தூக்கி எங்கோ வைத்துவிடுகிறார்கள். இரண்டும் சரியாக இருந்தும், சில நிமிடம் ஓடி நின்று, அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்றால், மோட்டார் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பிரேக் உரசலையும் கெப்பாசிட்டரையும் பாருங்கள்.

*மெஷினைத் தட்டினால் ஓடுகிறது, நிற்கிறது:* தளர்ந்த கனெக்டர் அல்லது மூடி ஸ்விட்ச்.

அறிகுறி 5: நேரம் முடிந்தும் நிற்கவில்லை

மூடி மூடியிருந்தால் பிரேக் பிடிக்காது. அதனால் நேரம் முடிந்த பிறகும் டப் சற்று நேரம் சுற்றி வேகம் குறைந்து அடங்கும். அது கோளாறு இல்லை. வேகம் குறையவே இல்லையென்றால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஒட்டிய காண்டாக்ட்டைப் பிரித்து உப்புத்தாள் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மேல்பூச்சு போன காண்டாக்ட் மறுபடி ஒட்டும், அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். புது டைமரே போடுங்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு போடுங்கள்: ஏன் ஒட்டியது? மோட்டார் பல நாளாகத் திணறிக்கொண்டிருந்தால் கூடுதல் கரண்ட் இந்தக் காண்டாக்ட் வழியாகத்தான் போயிருக்கும். பிரேக்கையும் கெப்பாசிட்டரையும் பார்க்காமல் மாற்றினால் புதியதும் போய்விடும். இப்படி ஒரே மெஷினுக்கு இரண்டு டைமர் போட்ட பிறகுதான் நானும் பிரேக் வயரைப் பார்த்தேன்.

அறிகுறி 6: மூடியைத் திறந்தாலும் சுற்றுகிறது

மெஷினை உபயோகிப்பதை நிறுத்துங்கள். பிரேக் வயர் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம், பிரேக் பட்டை தேய்ந்திருக்கலாம். அல்லது யாரோ மூடி ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி நேரடியாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை நான் பல மெஷின்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனது பதறுகிறது. வேகமாகச் சுற்றும் டப்பில் ஈரத்துணி கையைச் சுற்றிக்கொண்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மூடி ஸ்விட்ச் கிடைக்கும் வரை துணியைக் கையால் பிழிந்து காயப்போடுங்கள். தயவுசெய்து நேரடி இணைப்பு கொடுக்காதீர்கள்.

இதற்கு மெக்கானிக்தான்

மெஷின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. டிரையரைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் விழுகிறது. மோட்டார் பக்கம் கருகல் வாசனை. டப்புக்கு அடியிலிருந்து மோட்டார் மேலே தண்ணீர் சொட்டுகிறது. கடைசியானது சீல் கிழிந்ததன் அடையாளம். விட்டுவைத்தால் மோட்டாரையும் சேர்த்துக் கொண்டுபோகும். வாரண்டி இருக்கும் மெஷினைத் திறக்காதீர்கள்.

டைமரை மாற்றுவது

பழையதைக் கழற்றி கையில் எடுத்துக்கொண்டு வாங்கப் போவதுதான் சரியான வழி. பார்க்க வேண்டியவை: 5 நிமிட டைமரா (வாஷ் டைமர் வழக்கமாக 15 நிமிடம், ஒயர்களும் அதிகம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்), ஒயர் இரண்டா மூன்றா, ஷாஃப்ட்டின் நீளம், தட்டைப் பக்கம் இருக்கும் இடம், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம். ஷாஃப்ட் சற்றுக் குட்டையாக இருந்தாலும் நாப் பேனலில் உரசும். புது டைமரிலேயே அறிகுறி 1 வந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, பேனலைத் திறந்து, எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். நாப்பை இழுத்து எடுத்து, டைமரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஒயர்கள் கனெக்டரில் இருந்தால் கழற்றி மாட்டினால் போதும். நேரடியாக இணைத்திருந்தால் பழைய டைமர் பக்கத்தில் ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். இரண்டு ஒயர் டைமரில் எதை எதனோடு சேர்த்தாலும் ஒன்றுதான். மூன்று ஒயர் இருந்தால் நிறத்தை நம்பாதீர்கள், பூஜ்யத்திலும் 3 நிமிடத்திலும் வைத்து எந்த ஜோடிக்குப் பீப் வருகிறது என்று பழையதையும் புதியதையும் அளந்து பொருத்துங்கள்.

இணைப்பை வெறும் டேப் சுற்றி விடக் கூடாது. ஈரமும் சோப்பு ஆவியும் உள்ள இடம், டேப் பசை சில மாதத்தில் விட்டுவிடும். மூடிய கனெக்டர் போட்டு அழுத்தி, இழுத்துப் பார்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவையுங்கள். தண்ணீர் சொட்டினாலும் உள்ளே தேங்காது. எந்த ஒயரும் பிரேக் வயர் ஓடும் வழியில் வரக் கூடாது.

பேனலை மூடும் முன் டிக் டிக் சோதனை, மீட்டர் சோதனை இரண்டையும் செய்யுங்கள். மூடிய பிறகு நாப்பைப் பேனலிலிருந்து ஒரு தபால் அட்டை தடிமன் இடைவெளி விட்டுச் செருகுங்கள். இப்போது கரண்ட் கொடுக்கலாம். காலி டப்பில் ஒரு நிமிடம் ஓட்டி, தானாக அணைகிறதா பாருங்கள். மறுபடி ஓட்டி, மூடியைத் தூக்குங்கள். மோட்டார் சத்தம் உடனே நின்று, டப் சில விநாடிகளில் அசையாமல் நிற்க வேண்டும். கடைசியாக, ஈரத்துணி போட்டு முழு 5 நிமிடம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பேனலின் மேல் கை வைத்துப் பாருங்கள். டைமர் இருக்கும் இடம் சூடாக இருந்தால் ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. பேனலைத் திறந்து அந்தக் கனெக்டரை மறுபடி அழுத்துங்கள்.